பனி நாளுக்கு ஆறு விளையாட்டுகள்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இலக்கம் போடாமல் எனக்கு எதையும் சொல்ல வராது.

1. தைப்பொங்கல் முடிந்த கிழமை. வேலை முடிந்து துறைமுக வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்களுக்குப் பின்னேரம், கனடாவில் விடியல். படத்தில் அவர்கள் வீட்டுப் படி இல்லை, வேலி இல்லை. கார் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மேடு.

2. படத்துக்குப் பின்னால் குரல் வந்தது. "பள்ளிக்கூடம் பூட்டு. ரோட்டும் பூட்டு. இதுகள் ரெண்டும் இப்பவே வீட்டைத் தலைகீழாக்குதுகள். நாங்கள் வீட்டுக்குள்ள அடைபட்டுக் கிடக்கேக்க என்னென்ன விளையாடினனாங்கள்? நீதானே லிஸ்ட் போடுற ஆள். போட்டு அனுப்பு."

3. வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி ஆறுவதற்குள் பட்டியல் போட்டு அனுப்பினேன். ஆறு விளையாட்டுகள்.

4. அக்கா எழுதினாள்: "ஆறுதானோ?"

5. "ஓம், ஆறுதான்" என்று எழுதினேன்.

6. அம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது அக்கா வீடியோவில் அழைத்தாள். அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

ஆறாவதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன் நீங்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இனி இலக்கம் போட மாட்டேன். இந்தக் கதை வரிசையில் நிற்காது.

நான் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் மின்சாரப் பகுதியைப் பார்க்கிறவள். ஒரு பாரந்தூக்கியில் ஏறுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை ஒரு முழுப் பக்கம் இருக்கும். அந்தப் பழக்கம் வீடு வரை வந்துவிட்டது. சந்தைக்குப் பட்டியல், மழைக்கு முன் கூரையில் பார்க்க வேண்டியவற்றுக்குப் பட்டியல். "தங்கச்சி, உம்மட கலியாணத்துக்கும் செக்லிஸ்ட் அடிச்சு வைச்சிருக்கிறீரோ?" என்று எங்கள் மேற்பார்வையாளர் கேட்பார். வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை என்ற வரி மட்டும் காலியாக இருக்கிறது.

அம்மாவும் நானும் லிங்கநகரில், நாங்கள் பிறந்து வளர்ந்த அதே வீட்டில் இருக்கிறோம். அக்கா கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போனாள். போனவள் ஒரு முறையும் வரவில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கும் வரவில்லை. அப்போது அவள் வயிற்றில் மூத்தவன் இருந்தான், விமானத்தில் ஏறக்கூடாத மாதம். அதற்குப் பிறகு கைக்குழந்தை. பிறகு இரண்டாவது. பிறகு நோய்க்காலம், அதன் பிறகு விலைவாசி. அவள் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியானவை. அதுதான் சிக்கல். பிழையான காரணம் ஒன்றாவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அம்மா தன் பேரப்பிள்ளைகள் இருவரையும் போன் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறார். "எப்ப வாறாய்?" என்று கேட்பதையும் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்.

பனியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஊரில் வானத்திலிருந்து விழுவது மழை, வாடைக்காற்று பலமாக வீசினால் முருங்கைக் கொப்பு. ஆனால் 'பள்ளிக்கூடம் பூட்டு, ரோட்டும் பூட்டு' என்ற வசனம் நன்றாகத் தெரியும். எங்களுக்கு அது வானொலியில் வந்தது.

ஊரடங்குச் சட்டம் போட்ட காலையைக் கண் திறக்காமலே கண்டுபிடித்துவிடலாம். நிலாவெளி வீதியில் முதல் பஸ்ஸின் ஹோர்ன் கேட்காது. பாண்காரரின் சைக்கிள் மணி கேட்காது. காகம் மட்டும் வழக்கத்தைவிடப் பெரிய குரலில் கத்துவது போல இருக்கும். பக்கத்து அறையில் அப்பா வானொலியைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "போட்டாங்கள்" என்று ஒரே சொல் சொல்வார். அம்மா எழும்பிப் போய் அரிசி வாளியைத் திறந்து பார்ப்பார், பிறகு மாப்பேணியை, பிறகு மண்ணெண்ணெய்ப் போத்தலை. மூடிகள் திறந்து மூடுகிற அந்தச் சத்தம் கேட்கும்போது நானும் அக்காவும் போர்வைக்குள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் இல்லாமல் துள்ளுவோம். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். எங்களுக்குக் கணக்குப் பாடம் இல்லாத நாள்.

அந்த நாட்களுக்கு ஒரு வாசம் உண்டு. கோதம்பமா ரொட்டி தட்டில் காய்கிற வாசம். கடல் சுற்றி இருக்கிற ஊரில் மீன் வாசமே இல்லாமல் காலையிலும் ரொட்டி, மத்தியானமும் ரொட்டி. அதற்குள் இன்னொரு வாசமும் கலந்திருக்கும். ஈயம் உருகும்போது வருகிற புகை, மரப்பிசின் எரிவது போல, கொஞ்சம் இனிப்பாக. அது சின்ன மாமாவின் வாசம்.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். முன் அறையில் ரேடியோ, மின்விசிறி, அயன்பெட்டி திருத்துவார். மேசை முழுக்க வயிறு திறந்த ரேடியோக்கள். இப்போதும் வேலையிடத்தில் யாராவது ஈயம் பற்றவைத்தால் நான் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். அந்த வாசம்தான் என்னை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் நான் எடுத்த பரீட்சைப் புள்ளிக்கு இந்தப் படிப்புத்தான் கிடைத்தது.

அக்காவுக்கு அனுப்பிய ஆறில் முதலாவது, கதிரை பஸ். வீட்டிலிருந்த கதிரைகளையெல்லாம் மண்டபத்தில் இரண்டு இரண்டாக அடுக்குவோம். அப்பா சாரதி, சட்டி மூடிதான் ஸ்டியரிங். மாமா நடத்துநர். கதவுநிலையில் ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, "கந்தளாய், கந்தளாய்! ஏறு ஏறு! அக்கா, அந்தக் கூடையை மடியில வையுங்கோ, அது ஒரு ஆளின்ர இடம்" என்பார்.

அம்மா கத்தரிக்காய்க் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கூடைக்கும் டிக்கெட் எடுத்தனான். வேணுமெண்டா உம்மை இறக்கிவிடும்" என்பார்.

பாதி வழியில் அப்பா, "பிறேக் பிடிக்குதில்லை. எல்லாரும் இறங்கித் தள்ளுங்கோ" என்பார். நாங்கள் கதிரைகளைக் குசினி வரை தள்ளிக்கொண்டு போவோம். அந்த நாட்களில் மாவட்டம் முழுவதிலும் ஓடிய ஒரே பஸ் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது ஏலம். அப்பா துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்தவர், ஏலம் போடுகிற குரல் அவருக்கு நன்றாக வரும். வீட்டில் இருப்பதையெல்லாம் ஏலத்தில் விடுவார். "அடுத்ததாக, அம்மாவின் புறுபுறுப்பு. நல்ல நிலைமையில் உள்ளது. நாள் முழுக்க ஓடும். கேக்கிற ஆக்கள் கேளுங்கோ!" யாரும் கேட்க மாட்டோம். "கேட்க ஆளில்லாததால் உரிமையாளரிடமே திருப்பி ஒப்படைக்கப்படுகிறது" என்று பெரிய மரியாதையோடு அம்மாவைப் பார்த்துக் கும்பிடுவார்.

மூன்றாவது, கப்பல் ஊதல். கப்பல்களுக்கு ஊரடங்கு இல்லை. ஊதல் கேட்டதும் அது கோதுமைக் கப்பலா, சீமெந்துக் கப்பலா என்று சொல்ல வேண்டும். வெளியே போய்ப் பார்க்க ஏலாது என்பதால் சரியா பிழையா என்று ஒருபோதும் தெரியாது. அக்காதான் எப்போதும் வெல்வாள், குரல் பெரிது என்பதால். இதை அனுப்பியதற்கு, "இங்க கப்பலுக்கு நான் எங்க போறது? பனி அள்ளுற மெசினைத்தான் கேக்க வைக்கோணும்" என்று பதில் போட்டாள். மற்ற மூன்றையும் விட்டுவிடுகிறேன். கண்ணைக் கட்டிக் குசினிச் சாமான் ருசி பார்ப்பது, விளக்கு நிழல், மாவில் விரலால் படம். எந்த வீட்டிலும் இருப்பவைதான்.

நான் எழுதாமல் விட்ட விளையாட்டு எந்த வீட்டிலும் இருந்ததாகத் தெரியவில்லை. அது மாமா கண்டுபிடித்தது. நாங்கள் அதைக் 'காத்து' என்று சொல்வோம்.

தீக்குச்சிகளில் ஒன்றைக் குட்டையாக முறித்துக் குலுக்குவோம். குட்டைக் குச்சி யாருக்கு வருகிறதோ அவர் காத்து. அந்த நொடியிலிருந்து அவர் வீட்டில் இல்லை. அவர் வாய் திறக்கக் கூடாது. மற்றபடி எதுவும் செய்யலாம். உங்கள் கையிலிருக்கும் ரொட்டியைப் பிய்க்கலாம், காதுக்குள் ஊதலாம், மடியில் ஏறி உட்காரலாம். மற்றவர்கள் அவரைப் பார்க்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. சிரித்தால் தோல்வி. என்ன நடந்தாலும் அது காற்றின் வேலை என்பது போலக் கதைத்துக்கொண்டிருக்க வேண்டும். "கச்சான் காத்து துவங்கிட்டுது போல, ரொட்டி பறக்குது" என்பார் அப்பா. "ஓம், யன்னலைச் சாத்துங்கோ" என்பார் அம்மா, தலையில் ஒரு தகரப் பேணி கவிழ்ந்திருக்க.

ஆளைச் சிக்கவைக்க ஒரு கேள்வியும் இருந்தது. எதிர்பாராத நேரத்தில் யாராவது, "இப்ப வீட்டில எத்தனை பேர்?" என்று கேட்பார்கள். யோசிக்காமல் 'ஐஞ்சு' என்று சொன்னால் தோற்றுப்போவீர்கள். காற்றை எண்ணக் கூடாது.

நான் இந்த விளையாட்டில் உருப்படாதவள். பார்க்கக் கூடாது என்றாலே சிரிப்பு வந்துவிடும். அக்கா அப்படி இல்லை. அவளுக்குப் பத்து வயது, முகம் கல். மாமா அவள் மூக்கு நுனியில் கத்தரிக்காய்க் காம்பை ஒட்டவைத்தும் அவள் அம்மாவிடம் வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவையும் தோற்றதில்லை. மாமாவுக்கு அது மானப் பிரச்சினையாக இருந்தது.

கடைசியாக விளையாடிய நாளில் குட்டைக் குச்சி மாமாவுக்கு வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. மழை விட்டு, முற்றத்தில் வெயில் வந்திருந்தது. கதிரை பஸ் அப்படியே மண்டபத்தில் நின்றது. மாமா அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டார். நான் உடனே சிரித்துத் தோற்று, தோற்றவர்களின் இடமான பஸ்ஸின் கடைசிக் கதிரைக்குப் பின்னால் போய்க் குந்தினேன். அப்பா ஒன்றும் தெரியாதவர் போல, "என்ன, எல்லாம் மங்கலாத் தெரியுது. முகில் போல" என்றார். அக்கா வாசற் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். மாமா ஒரு கையில் அரை ரொட்டியோடு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அப்போது வேலிப் படலை திறந்தது.

மூன்று பேர். சாதாரணச் சட்டை, காற்சட்டை. ஊரடங்கு நேரத்தில் சாதாரணச் சட்டையோடு வீதியில் நடந்து வந்தவர்கள். முன்னால் வந்தவர் படியிலேயே நின்றார். நல்ல தமிழில், மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதை எனக்கு இன்றும் காதில் கிடக்கிறது.

"ஐயா, வீட்டில எத்தனை பேர் இருக்கிறியள்?"

அப்பா வாய் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "நாலு பேர்."

அந்த மனிதர் உள்ளே பார்த்தார். அப்பா, அம்மா, அக்கா, கதிரைக்குப் பின்னால் நான், பெரிய கண்ணாடி போட்டு ரொட்டியோடு மாமா.

"ஐஞ்சு பேர் நிக்கிறியள், பிள்ளை" என்றார்.

அப்பா அவசரமாக முன்னுக்கு வந்தார். "அது மச்சான், ஐயா. என்ர மனுசியின்ர தம்பி. பிள்ளை விளையாட்டுக்குச் சொல்றாள்."

"விளையாட்டோ? நல்லது." அவர் சிரித்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். "தம்பி, ஒருக்கா எங்களோட வந்திட்டுப் போங்கோ. சின்னக் கதை ஒண்டு இருக்கு."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். அப்பாவின் கையில் கொடுத்தார். ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதிரையில் வைத்தார். பிறகு நடந்தார். நான் பின்னாலிருந்து முதுகைத்தான் பார்த்தேன், மண்டபத்தின் நடுவில் நின்ற அம்மாவும் அப்படித்தான். வாசலைத் தாண்டும்போது அக்காவின் பக்கம் கொஞ்சம் குனிந்தார். செருப்பைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டை விட்டு வெளியே போகிறவர் 'போயிட்டு வாறன்' என்று சொல்ல வேண்டும். மாமா அதைச் சொல்லவில்லை. காத்து பேசக் கூடாது என்பதாலா, வாய் வராததாலா என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு, திரும்பி வராத மாமாவைத் தேடி அம்மா நடந்த நடையை நான் இங்கே எழுதவில்லை. இந்த ஊரில் பல வீடுகளில் அந்தக் கதை இருக்கிறது, எங்களுடையது அவற்றில் ஒன்று. அம்மா எல்லா இடத்துக்கும் கொண்டுபோனது மாமாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. அதில் மாமா விறைத்துப்போய், வேறு யாரோ போல இருப்பார். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, எனக்கும் கடைசியில் அந்த முகம்தான் மிஞ்சியது.

ஊரடங்குகள் அதற்குப் பிறகும் வந்தன. கதிரை பஸ் ஓடவில்லை. 'காத்து' என்ற சொல்லை வெயில் காலத்தில்கூட எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை, "புழுக்கமா இருக்கு" என்று மட்டும் சொல்வோம். யார் எதைக் கேட்டாலும் அக்கா உடனே பதில் சொல்வதை நிறுத்தினாள். "பிள்ளைக்கு விடை தெரியும், ஆனா வாய் திறக்கிறாளில்லை" என்று பள்ளிக்கூடத்தில் ரீச்சர்மார் முறையிட்டார்கள். பெண் பார்க்க வந்த அன்று அத்தான், "தேத்தண்ணிக்குச் சீனி போட்டனீங்களோ?" என்று கேட்டாராம். அக்கா யோசித்த யோசிப்பில் தேத்தண்ணியே ஆறிவிட்டதாம். அத்தான் இதை இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். அவருக்கு மாமாவைப் பற்றித் தெரியும், விளையாட்டைப் பற்றித் தெரியாது.

அக்கா ஏன் வருவதில்லை என்று எனக்கு ஓர் ஊகம் இருந்தது. அந்த இரண்டு சொற்கள். 'நாலு பேர்.' யாரும் அவளை ஏசவில்லை. உன்னில் பிழையில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் ஒன்றும் சொன்னதே இல்லை. அந்த மௌனத்தோடு அவள் இந்த வாசலால் எப்படி உள்ளே வருவாள்?

இனி அந்த அழைப்பு.

முதலில் பிள்ளைகள் வந்தார்கள். "அம்மம்மா, ஸ்னோ! கார் இல்ல!" என்றான் ஆறு வயது மூத்தவன். நாலு வயதுச் சின்னவள் மூக்கைத் திரையில் அழுத்தினாள். பிறகு அக்கா போனை எடுத்துக்கொண்டு ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கண் வீங்கியிருந்தது.

"அம்மா," என்றாள். "இதுகளுக்கு நான் காத்து பழக்கினனான்."

குசினியில் புட்டுக்குழல் ஆவி விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் போய் அடுப்பை நிறுத்தினேன், திரும்பி வந்து அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

"பெடியன்தான் காத்து. நல்லா விளையாடினவன். இவரும் விழுந்து விழுந்து சிரிச்சுத் தோத்துப்போனார். நான் பழக்கத்தில கேட்டுப்போட்டன், அம்மா. இப்ப வீட்டில எத்தனை பேர் எண்டு. சின்னவள் டக்கெண்டு சொன்னாள், மூண்டு எண்டு. நான் விளையாட்டை நிப்பாட்டிப்போட்டன். அவளுக்கு நாலு வயசு. விளையாட்டில சொல்றாள். அவளில என்ன பிழை?"

"என்ன பிழை? ஒண்டுமில்லை" என்றார் அம்மா.

"எனக்குப் பத்து வயசு, அம்மா."

அம்மா கதிரையில் உட்கார்ந்தார். "நீ என்ன கதைக்கிறாய்?"

"நான் நாலு பேர் எண்டு சொன்னபடியாத்தானே அவங்கள் சந்தேகப்பட்டு மாமாவை..."

"விசரி!" என்றார் அம்மா. அவ்வளவு பெரிய குரலை அம்மாவிடம் நான் கேட்டுப் பல வருடம். "அவங்கள் பேரைத் தெரிஞ்சுகொண்டுதான் வந்தவங்கள்."

அப்போதுதான் நானும் முதல் முறையாகக் கேட்டேன். அக்கரையிலுள்ள கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் நானா மாமாவிடம் ரேடியோ திருத்தக் கொடுத்திருந்தாராம். ஊரடங்கு எடுத்த பிறகு வந்து, உள்ளே வராமல் படலையில் நின்றாராம். அவர் சொன்னதை அம்மா அவருடைய பேச்சிலேயே சொன்னார். "'தங்கச்சி, மூணு பேர் முதல் நாளே சந்திக் கடைக்கு வந்து, ஒங்கட தம்பிட பேரச் சொல்லி எந்த வீடுன்னு கேட்டாங்க. நான் ஒங்களுக்கு வந்து சொல்லியிருக்கணும். கடைசிப் படகு போயிரும்னு ஓடிட்டன். அடுத்த நாள் ஊரடங்கு போட்டுட்டாங்க' எண்டு சொல்லி அழுதவர். நான்தான் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினனான். ரேடியோவையும் எடுக்கேல்லை. தம்பி வந்தாப்பிறகு எடுக்கிறன் எண்டிட்டுப் போனவர்."

"இது எப்ப?" என்றாள் அக்கா.

"அந்தக் கிழமையே."

"அந்தக் கிழமையே தெரியுமோ? அப்ப ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ சின்னப் பிள்ளை. நீ சொன்னதை மறந்திட்டாய் எண்டு நினைச்சன். மறந்த பிள்ளைக்கு நானே போய் ஞாபகப்படுத்துறதோ?"

ஒருத்தி மறந்துவிட்டாள் என்று மற்றவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். மூடிய வாயைப் பார்த்து ஒருத்தி ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். இருவருக்கும் நடுவில் நான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இத்தோடு முடிந்தது, இனி அழுது தீர்ப்பார்கள் என்று நினைத்தேன். அக்கா அழவில்லை. திரையில் அவள் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதில்லை, அம்மா," என்றாள். "அவர் போகேக்க எனக்கு முகத்தைச் சுளிச்சுக் காட்டினவர். என்னைச் சிரிக்க வைக்க. நான் சிரிக்கேல்லை."

செருப்பைத் தேடுகிறார் என்று நான் நினைத்தது அதுதான். அக்காவைத் தவிர யாரும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஆறுதல் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"எப்பிடிச் சுளிச்சவன்?" என்றார் அம்மா. "காட்டு."

"அம்மா..."

"காட்டு பிள்ளை. நான் பாக்கேல்லை. நான் முதுகைத்தான் பாத்தனான்."

அக்கா இடக் கண்ணை இறுக்கி மூடினாள். கீழ் உதட்டை மேலே இழுத்து மூக்கைத் தொடப் பார்த்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போயின, திறந்திருந்த கண் மட்டும் பெரிதாக, உருண்டையாக நின்றது. பார்க்கப் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அவள் முகத்தில் மாமா இருந்தார். அடையாள அட்டையில் இருந்தவர் அல்ல, எங்கள் சின்ன மாமா.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வா," என்றார் அம்மா.

அக்கா கிட்ட வந்தாள்.

"சின்னனில எங்கட ஐயா அடிக்க வரேக்க இதைத்தான் செய்யிறவன்," என்றார் அம்மா. "பயந்தா அவனுக்கு இந்த முகம்தான் வரும். ஐயாவுக்குச் சிரிப்பு வந்திடும். பிறகு அடி விழாது."

அக்காவின் முகம் மெல்லப் பழையபடி ஆனது. கதவுக்கு வெளியே பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மா," என்றாள். "அடக்கினனான்."

அன்று புட்டு அப்படியே குழலுக்குள் இறுகிப்போனது. அடுத்த நாள் காலை உதிர்த்துச் சாப்பிட்டோம். நான் வேலைக்குப் போய் ஒரு பாரந்தூக்கியின் சரிபார்ப்புத் தாளை மூன்று முறை முதலிலிருந்து தொடங்கினேன்.

இப்போது ஊரடங்கு இல்லை. வானொலியில் விடியற்காலையில் அந்தக் குரல் வருவதில்லை. மண்டபத்துத் தரைக்கு மாபிள் பதித்தாயிற்று, கதிரைகளைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், சத்தமே வராது. அப்பா இல்லை. அவருடைய மூக்குக்கண்ணாடி அவரோடு போய்விட்டது. கிண்ணியாவுக்குப் படகு இல்லை, பாலம் வந்துவிட்டது. ஆனாலும் அந்த நானா வரவில்லை. அவருடைய ரேடியோ எது என்று எங்களுக்குத் தெரியாததால் ஒன்றையும் எறியவில்லை. முன் அறையில் ஈய வாசம் நின்று எவ்வளவோ காலம். இப்போது அங்கே என் மோட்டார் சைக்கிள் நிற்கிறது, பெற்றோல் மணம்.

நிலைமை இதுதான். மாமாவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அக்கா இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கோடை விடுமுறையில் இங்கே வெயில் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா என்று ஒருமுறை கேட்டாள். ஒத்துவரும் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கிறாள். கதைத்து முடியும்போது அம்மா, "ஒருக்கா" என்கிறார். அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து முகத்தைச் சுளித்துக் காட்டுகிறாள். அம்மா சில நாள் சிரிக்கிறார். சில நாள் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார்.